அம்மா பாய் விரித்த இடம்

மருமகன் ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பிளானை விரலால் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையில் கறுப்புக் கறுப்பாய்ப் பன்னிரண்டு நீள்சதுரம். சோலர் பனல். அதைக் கண்டதும் எனக்குப் பனாட்டுப் பாய்தான் ஞாபகம் வந்தது. ஆவணி மாதத்து முற்றத்தில், தடி நாட்டிப் போட்ட பந்தலின் மேல், பனங்களி காய்ந்து கறுத்து வெயிலுக்கு மினுங்கிக்கொண்டு கிடக்கும் பாய். பக்கத்தில் நீட்டுப் பூவரசந்தடியோடு நான். காகம் கலைக்கிற உத்தியோகம்.

அவன் அக்காவின் மூத்த மகன். அங்கே கட்டடக்கலை படித்து, வீடுகளுக்குப் படம் கீறிப் பிழைக்கிறவன். நானும் முப்பத்தைந்து வருடம் படவரைஞனாய் இருந்து ஓய்வெடுத்தவன்தான். ஆனால் என் காலம் ரீ-ஸ்குயரும் மைப்பேனையுமாய்ப் போயிற்று. அவனுக்கு எல்லாம் கணினி. 2022 பங்குனியில் இங்கே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் நின்றதே, அந்தக் கிழமைதான் அவன் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, ஊர்க் காணியில ஒரு வீடு கட்டப் போறன். இனி வரப்போற காலத்துக்கு ஏத்த வீடு. முற்றம் இருக்கும், மரம் இருக்கும், கறண்ட் கூரையிலயிருந்து வரும்."

"முற்றம் ஏற்கெனவே இருக்குது தம்பி" என்றேன். "வீடுதான் இல்லை."

பகிடிக்குச் சொல்லவில்லை. வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் வீட்டை விட்டு 1990 ஆனியில், சண்டை மூண்டதும், வெளிக்கிட்டோம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று அம்மா அரிசிப் பானைக்கு மேலே சுளகைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்தா. காணியைத் திரும்பக் கண்டது 2018இல். பற்றையும் ஈச்சமுள்ளும் வெட்டி உள்ளே போனபோது ஓடு இல்லை, பனஞ்சிலாகை இல்லை, நிலைகதவு இல்லை, ஒன்றரை அடிச் சுண்ணாம்புக்கல் சுவர்கூட இல்லை. கிணறு இருந்தது. வடமேற்கு மூலையில் வேம்பு ஒன்று நாற்பது அடிக்கு வளர்ந்து நின்றது. நாங்கள் போகும்போது அது என் இடுப்பளவு. நடுவில் மண்ணை ஒதுக்கினால் சிவப்புச் சீமெந்து. முற்றத்தைச் சுற்றியிருந்த தாழ்வாரத்தின் விளிம்பு, நாலு தூணின் அடிக்கல், மழைத் தண்ணீர் வெளியே போகிற ஓட்டை. நாடாவைப் பிடித்து அளந்தேன். வடக்குத் தெற்காய்ப் பதினான்கு அடி, கிழக்கு மேற்காய்ப் பன்னிரண்டு. சின்ன வயதில் அது எனக்கு ஒரு விளையாட்டுத் திடல்.

கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிக் கொடுத்த வீடு ஒன்று உண்டு. நடு முற்றமும் சுற்று விறாந்தையும் ஓட்டுக் கூரையுமாய், நவீன வீடு இப்படியும் இருக்கலாம் என்று எங்கள் தொழிலில் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தக் காணி கைமாறியபோது வீட்டைக் கல் கல்லாய்க் கழற்றி, இலக்கம் போட்டு, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பக் கட்டினார்கள். எங்கள் வீட்டையும் கல் கல்லாய்த்தான் கழற்றியிருக்கிறார்கள். எங்கே திரும்பக் கட்டினார்கள் என்பதுதான் தெரியாது.

எங்களுடையதைப் போல நடு முற்றத்தைச் சுற்றி நாலு சார்வும் எழுப்பிய நாற்சார் வீடு என்றதும் இப்போது ஆளுக்காள் உருகுகிறார்கள். உல்லாச விடுதிக்காரர்கூட முன்வாசலில் கூரை போட்ட ஒரு சங்கடப்படலை வைக்கிறார்கள். பழையவர்கள் காற்றையும் வெயிலையும் கணக்குப் பார்த்துக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். எங்கள் தாத்தா அப்படி ஒன்றும் பார்த்ததாய் நான் கேள்விப்படவில்லை. சாத்திரியைக் கூப்பிட்டு மனையடி பார்த்தார். அவர் சொன்ன அடிக்கணக்குக்குக் கயிறு பிடித்தார். அதனால் கிழக்குச் சார்வு அரை முழம் பதிந்துபோய், கார்த்திகை மழைக்கு ஒவ்வொரு வருடமும் அந்த அறைக்குள் தண்ணீர் ஏறும். நெல்மூட்டைகளைத் தூக்கி மேசைமேல் வைப்பது எங்கள் வீட்டு மாரிகாலச் சடங்கு.

வீட்டின் வெயிலையும் நிழலையும் அறிந்திருந்தது அம்மா. அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. பாய் விரிக்கிற இடத்தில்தான் அது தெரிந்தது.

மார்கழி, தையில் பனங்கிழங்கு கிளறி வந்ததும், தும்பு வார்ந்து, இரண்டாய்ப் பிளந்து ஒடியலுக்குக் காயப்போடுவா. கொஞ்சத்தை அவித்துப் புழுக்கொடியலுக்கு. அப்போது பாய் முற்றத்தின் வடக்கு விளிம்போடு ஒட்டிக் கிடக்கும். தெற்குப் பக்கத்துத் தாழ்வாரத்தின் நிழல் மத்தியானத்திலும் நாலு நாலரை அடிக்கு முற்றத்துக்குள் விழுந்து கிடக்கும். அங்கே போட்டால் கிழங்கு பூஞ்சணம் பிடிக்கும். ஆனி ஆடியில் மோர்மிளகாய்க்கும் வடகத்துக்கும் அதே பாய் எதிர்ப்பக்கம், தெற்கு விளிம்புக்குப் போய்விடும். நிழல் இப்போது வடக்குத் தாழ்வாரத்திலிருந்து விழும். பெரிய நிழல் இல்லை, இரண்டடிக்கும் குறைவு. ஆனால் அம்மா அந்த இரண்டடிக்கும் மரியாதை கொடுத்தா. ஆவணியில் பனாட்டுப் பந்தல் சரி நடுவில். அந்த மாதம் மத்தியானத்தில் முற்றத்தில் நிழலே இராது, தூணின் நிழல் தூணின் காலடிக்குள் ஒடுங்கிவிடும்.

யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட ஒன்பதரைப் பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பையொட்டி ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை, சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். இதை நான் படித்தது பிறகு, உத்தியோகம் பார்க்கப் போன இடத்தில், வடதிசை பிடிக்கப் பழகியபோது. படித்த அன்றைக்கு "அட, இது அம்மாவின் பாய்" என்று நினைத்தேன். கூட இருந்தவர்களிடம் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

பனாட்டுப் போடுவதைக் கண்டவர்கள் இப்போது குறைந்துபோனார்கள். ஆகையால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பனம்பழத்தின் தோலை உரித்து, கொஞ்சமாய்த் தண்ணீர் தெளித்து, தும்பிலிருந்து களியைப் பிசைந்து எடுக்க வேண்டும். செம்மஞ்சளாய், வழுவழு என்று வரும். கை ஒரு கிழமைக்கு மணக்கும். அந்தக் களியைப் பாயில் வார்த்து உள்ளங்கையால் மெழுகி விடுவது. அது காய, அடுத்த நாள் மேலே இன்னொரு பூச்சு. அடுத்த நாள் இன்னொன்று. நாளாக நாளாக நிறம் இறங்கி, தேன் நிறமாகி, கடைசியில் கரும்பழுப்பாய்த் தோல்மாதிரி உரித்தெடுக்க வரும். மழை தூறினால் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் ஓடிவந்து பாயைத் தூக்க வேண்டும். காகம், கோழி, குளவி, பக்கத்து வீட்டுப் பெடியன் எல்லாரிடமிருந்தும் காக்க வேண்டும். வெயிலைச் சேமித்து மாரியில் தின்பது என்று யாராவது அழகாகச் சொல்லக்கூடும். எங்களுக்கு அது தேங்காய்ச் சொட்டோடு கடிக்கிற சாமான், அவ்வளவுதான்.

மருமகனின் முதல் பிளானில் பனல்கள் வடக்குச் சார்வின் கூரையில் இருந்தன. வேம்புக்குக் கிட்ட. எனக்கு அது உறுத்தியது. தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, வேம்பு மறைக்காதோ?"

"மறைக்காது மாமா. மரம் வடக்குப் பக்கம்தானே. வடக்கில நிக்கிற மரத்தின்ர நிழல் வடக்கேதான் விழும்."

"அது உங்கட ஊர் வெயிலுக்கு. ஆனி ஆடியில இஞ்ச வந்து பாரும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. விசைப்பலகை தட்டுகிற ஒலி மட்டும் கேட்டது. "ஓம் மாமா" என்றான் பிறகு. "கொம்பியூட்டரும் அதைத்தான் காட்டுது. நான்தான் அந்த மாதத்தைத் திறந்து பார்க்கேல்லை. பின்னேரத்தில இன்னும் மோசம். மரத்தை வெட்டிப் போட்டால் சரிவரும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே, "வெட்டேல்லை, வெட்டேல்லை, சும்மா சொன்னனான்" என்றான். என் மௌனத்துக்கு அக்காவின் பிள்ளைகள் எல்லாரும் பயம்.

ஒரு பனலில் நிழல் விழுந்தால் அந்த ஒன்று மட்டும் குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். ஒரே தொடரில் கோத்திருந்தால் ஒன்றின் நிழல் மற்றவற்றையும் இழுத்து விழுத்தும் என்று விளக்கினான். அதோடு பனலுக்கு வேண்டியது வெளிச்சமே தவிர வெக்கை இல்லை. இருபத்தைந்து பாகைக்கு மேலே ஏற ஏற, பாகைக்கு நூற்றுக்கு 0.3, 0.4 என்று விளைச்சல் குறைந்துகொண்டு போகும். எங்கள் பங்குனி வெயிலில் கூரைமேல் அறுபது பாகைக்குக் காய்ந்தால் பத்தில் ஒன்று அப்படியே போய்விடும். ஆகவே ஓட்டுக்கும் பனலுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விட வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு அம்மா பாயை நிலத்தில் போடாமல் பந்தலில் போட்டது நினைவுக்கு வந்தது. அவ காரணம் வேறு, கோழி. ஆனாலும் சொன்னேன். "மாமா, நீங்கள் பனாட்டை விட மாட்டியள்" என்று சிரித்தான்.

பனல்கள் தெற்குச் சார்வுக்கு, குசினிக் கூரைக்கு மாறின. அங்கே வைகாசி தொடங்கிச் சோளகம் தென்மேற்கிலிருந்து அடித்து ஊற்றும். காற்றுக்குக் குறைவில்லை.

அடுத்த சண்டை முற்றத்துக்கு மேலே. அவன் கண்ணாடிக் கூரை போடப் பார்த்தான். வெளிச்சமும் வரும், மழையும் வராது. வானத்தை மூடினால் அது முற்றமில்லை, அடுப்பு என்றேன். சுடுகாற்று மேலே கிளம்பிப் போக வழி வேண்டும். அது போனால்தான் தாழ்வாரத்துக் குளிர்காற்று உள்ளே இழுபடும். அதில் நான் வென்றேன். ஆனால் கள்ளர் பயத்துக்கு இரும்புக் கம்பியும், டெங்கு நுளம்புக்கு வலையும் போட வேண்டி வந்தது. எங்கள் தாத்தாவின் முற்றத்துக்குக் கம்பி இல்லை. இப்போது நிலா கட்டம் கட்டமாய் விழுகிறது.

மழைத் தண்ணீர் விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. முன்பு முற்றத்து ஓட்டையால் போன தண்ணீர் வாழைக்குப் போகும். இப்போது பீலித் தண்ணீர் எல்லாம் கிணற்றடிக்குப் பக்கத்தில் கல் அடுக்கிய குழிக்குள் இறங்குகிறது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை, மலையில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் மாரிமழை இறங்கித் தேங்கியதுதான் வருடம் முழுக்கக் குடிக்கிற தண்ணீர். சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்து, வாளியோடு சனம் தெருவில் நின்ற காலத்தை எப்படி மறப்பது? எண்ணெய் எரித்துக் கறண்ட் எடுத்ததற்கு அந்தக் கிணறுகள் கொடுத்த விலை அது. கூரையில் பனல் போடுவதைப் பற்றி எனக்கிருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் அதை நினைத்தபோது போய்விட்டது.

கறண்ட் இல்லாமல் இருந்த காலத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. 1990இல் நின்றது. கொக்குவிலில் இடம்பெயர்ந்து இருந்த வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சில் இரண்டு மூன்று கரண்டி மண்ணெண்ணெய், கம்பியில் தொங்கும் திரி. போத்தலே சிமிலி. பொருளாதாரத் தடையில் பற்றறியும் வராது. றேடியோ கேட்கிறதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைச் சுற்ற, டைனமோவில் பி.பி.சி. தமிழோசை. சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் இழுபடும். அந்த வருடங்கள் முழுவதும் எங்கள் தலைக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பிடித்து ஒரு குமிழை எரிக்கலாம் என்பது புத்தகத்தில் இருந்த சங்கதி.

பழைய வீட்டைப் பற்றி மருமகன் கேட்கும்போதெல்லாம் நான் இரண்டு விஷயத்தைத் தவறாமல் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் அவன் அதைச் சொர்க்கம் என்று நினைத்துவிடுவான்.

ஒன்று, குசினி. பனையோலைக் கூரை, தாழ்ந்த வாசல், யன்னல் கிடையாது. அம்மா அந்தப் புகைக்குள் நாற்பது வருடம் நின்றா. கடைசிக் காலத்தில் அவவின் இருமலை முற்றம் தாண்டி விறாந்தையிலிருந்து கேட்கலாம். விடிய நாலரைக்கு முற்றம் கூட்டுவதும் அவதான். இயற்கையோடு இயைந்த வீடு என்று பளபளப்பான புத்தகங்களில் படம் போடுகிறார்கள். ஒன்றிலாவது விளக்குமாறைக் காணேன்.

மற்றது இன்னும் கசப்பு. ஒவ்வொரு வருடமும் குசினிக்கூரை மேய வந்தவர்கள், வேலி அடைக்க வந்தவர்கள், பனையில் ஏறி ஓலை வெட்டியவர்கள் எல்லாரும் மத்தியானச் சோற்றை மாமர வேரில் இருந்துதான் தின்றார்கள். தண்ணீர் கேட்டால் செம்பு கொடுப்பதில்லை. ஏந்திய கையில் வார்ப்பது. நானே வார்த்திருக்கிறேன். பத்து வயது. அந்த முற்றத்துக்குள் வெயில் வந்தது, மழை வந்தது, சோளகம் வந்தது. வீட்டைக் கட்டிய ஆட்கள் வரவில்லை.

இதைச் சொன்னபோது மருமகன், "அப்ப ஏன் மாமா அந்த முற்றத்தைத் திரும்பக் கட்டச் சொல்லுறியள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பழைய அளவிலேயே கட்டு, வாசலை மட்டும் மாற்று என்றேன். இப்போது முற்றத்துக்குத் தெருப்பக்கத்திலிருந்து நேரே ஒரு வழி இருக்கிறது. விறாந்தை தாண்ட வேண்டியதில்லை, படலை தாண்டினால் முற்றம். எங்கள் சாத்திரி உயிரோடு இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வீடு 2024 கடைசியில் முடிந்தது. மருமகன் குடும்பத்தோடு வந்து பால் காய்ச்சிவிட்டு, இரண்டு கிழமை நின்றுவிட்டுப் போனான்.

2025 மாசி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் கறண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்ததே, அந்த நாள். நான் பூமரங்களுக்குத் தண்ணீர் விட அங்கே போயிருந்தேன். நல்ல வெயில். பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிலால் எட்டிப் பார்த்து, "தாத்தா, உங்கட கூரை முழுக்க சோலர். ஏன் உங்களுக்கும் கறண்ட் இல்லை?" என்றது. வெளிக் கம்பியில் கறண்ட் இருந்தால்தான், பனலின் கறண்டை வீட்டுக் கறண்டாய் மாற்றுகிற இன்வேட்டர் வேலை செய்யும். கம்பியில் வேலை செய்கிறவர்களுக்கு அடித்துவிடக் கூடாது என்று அது தானாகவே நின்றுவிடும். பற்றறி வைத்தால்தான் இருட்டில் உதவும், அது விலை என்று பிறகு போடலாமென்று விட்டோம். இவ்வளவையும் ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லி முடித்தேன். "அப்ப ஏன் வைச்சனீங்கள்?" என்றது. துலா இருந்திருந்தால் தண்ணீராவது அள்ளியிருக்கலாம்.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டு, பாவனை குறைவு, கூரைகளிலிருந்து வருகிற மின்சாரம் கூடி நாட்டின் கட்டமைப்பே நிலைகுலையலாம், ஆகையால் பகலில் சோலரை நிறுத்திவையுங்கள் என்று அறிவித்தல் விட்டார்கள். நியாயம்தான். நான் பஸ் பிடித்துப் போய் ஆளியை விழுத்திவிட்டு முற்றத்துக் குந்தில் இருந்தேன். நேரம் பன்னிரண்டு பத்து. சூரியன் சரி உச்சியில். புதுத் தூண் நாலும் தங்கள் நிழலைக் காலுக்குள் மிதித்துக்கொண்டு நின்றன. வருடத்தில் முற்றம் முழுக்க வெயில் நிரம்புகிற நாளில் கூரைமேல் பன்னிரண்டு பனலும் சும்மா கிடந்தன. காயப்போட ஒரு சுளகு மிளகாய்கூட வீட்டில் இல்லை.

மற்ற நாட்களில் குறைவில்லை. ஐந்து கிலோவாற்றுக்கு நாளொன்றுக்கு இருபது யூனிற் மட்டில் வருகிறது. எரிக்க ஆளில்லாததால் முழுவதும் கம்பிக்குப் போய்விடுகிறது. மாதம் அறுநூறு யூனிற்றை ஆளில்லாத வீடு விற்றுக்கொண்டிருக்கிறது. காசு மருமகனின் கணக்குக்குப் போகிறது. அவன் அதை எனக்கு அனுப்பப் பார்க்கிறான், நான் வேண்டாம் என்கிறேன். வேம்பின் சருகு பீலியை அடைக்கிறது. பனலில் செம்மண் தூசும் காகத்தின் எச்சமும். எழுபத்தொரு வயதில் ஏணி ஏற மனிசி விடுகிறா இல்லை.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இருக்க வீடு தேவையென்றால், அல்லது தேவையான ஒரு குடும்பத்தைத் தெரியுமென்றால், எனக்கு எழுதுங்கள். வாடகை இல்லை, கறண்ட் காசும் இல்லை. முற்றம் கூட்ட வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை பனல் கழுவ வேண்டும், வேம்பை வெட்டக் கூடாது. என்ன ஆட்கள் என்று நான் கேட்க மாட்டேன். பனாட்டுப் போடத் தெரிந்தவர்கள் என்றால் ஆவணிக்கு முன்னமே வந்துவிடுங்கள்.